சனிக்கிழமை வாசகர்கள்

ஸ்டான்லிக்கு அவசரமாக ஒரு வாசகர் தேவைப்பட்டார். சனிக்கிழமைக்குள் கிடைத்தாக வேண்டும்.

மாமல்லபுரத்தில் அவன் நடத்தும் டிசைன் ஸ்டூடியோ, கல்யாணப் பத்திரிகையும் ஹோட்டல் மெனு கார்டும் போட்டுச் சம்பாதித்து, அந்தச் சம்பாத்தியத்தைக் கரைப்பதற்காகவே கலைநூல்கள் வெளியிட்டு வந்தது. கடைசியாக வந்தது ‘விளிம்பில் வெளி’. உப்பளங்களைப் பற்றிய நூல் என்று ஸ்டான்லி சொன்னால்தான் தெரியும். பக்கத்துக்கு ஒரு வரி. அதுவும் ஓரத்தில், எறும்பளவு எழுத்தில், வெளிர்ச் சாம்பல் நிறத்தில். மற்றதெல்லாம் வெள்ளை. டெல்லியில் சில டிசைனர்கள் மெச்சினார்கள். மெச்சிய எல்லோருக்கும் இலவசப் பிரதி போயிருந்தது.

போகாத பிரதிகள் மாமியார் ரெபேக்காள் வீட்டு மாடி அறையில் கூரையைத் தொட்டுக்கொண்டு நின்றன.

"மாப்ள, கல்பாக்கத்துல வேலை செய்யிற பையன் ஒருத்தன் அந்த ரூம கேட்டுகினு கீறான். மாசக் கடைசிக்குள்ள நீ காலி பண்ணு. இல்லன்னா பழைய பேப்பர்காரன் பண்ணுவான்."

"அத்த, அது கலை."

"அந்தக் கலைய கிலோ இன்னா வெலைக்கு எடுப்பன்னு அவன்கிட்ட கேட்டுட்டேன்."

அந்த நேரத்தில்தான் கடற்கரையோர ரிசார்ட் ஒன்றிலிருந்து போன் வந்தது. பேசியவர் வைஷாலி, கொள்முதல் மேலாளர்.

"உங்க புத்தகத்தை ஒரு இடத்துல பார்த்தேன் சார். ஸ்டாக்குல எவ்வளவு இருந்தாலும் எடுத்துக்கிறோம். ஒரே ஒரு சந்தேகம். இதை இதுவரைக்கும் யாராவது படிச்சிருக்காங்களா?"

சரக்கு போகுமா என்று கேட்பவரிடம் போகாது என்று சொன்ன வியாபாரி எந்தச் சந்தையிலும் கிடையாது.

"என்ன மேடம் இப்படிக் கேட்டுட்டீங்க. இந்த ஏரியாவுல படிக்காதவங்களே இல்ல."

எதிர்முனையில் பேனாவைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. மலைத்துப்போய்விட்டார் என்று ஸ்டான்லி எடுத்துக்கொண்டான்.

"அப்படியா," என்றார் வைஷாலி. "சரி, சனிக்கிழமை நேர்ல வந்து பார்த்துட்டு முடிவு பண்றேன்."

ஸ்டான்லி நேரே செங்கல்பட்டுக்கு வண்டியை விட்டான். அங்கே அவனுடைய பள்ளித் தோழன் ஜெகதீசன் லோடு வேன் ஓட்டிக்கொண்டிருந்தான்.

"மச்சான், நீதான் என் வாசகன்."

"இன்னா பண்ணணும் அதுக்கு?"

"சனிக்கிழமை என் ஸ்டூடியோவுல உக்காந்து இந்த புக்கப் படிக்கணும். கேட்டா, வாழ்க்கையே மாறிப்போச்சுன்னு சொல்லணும்."

ஜெகதீசன் புரட்டிப் பார்த்தான். "உள்ள ஒண்ணியும் பிரிண்ட் ஆவலியே. மிஷின் ரிப்பேரா?"

"ஓரத்துல பாரு."

மொபைல் டார்ச்சை அடித்து, கண்ணைச் சுருக்கி, எழுத்துக் கூட்டினான். "‘உப்பு தன்னையே மறக்கிறது.’ இன்னாடா இது?"

"அதான் புக்கு."

"நேத்து எங்க வூட்ல அம்சாகூடத்தான் உப்ப மறந்துட்டா. அத யாரும் புக்கா போடலியே."

இருந்தாலும் நட்புக்காக ஒத்துக்கொண்டு, ஸ்டான்லியோடு அவன் வீட்டுக்கு வந்தான். ஆனால் ஸ்டான்லியின் மனைவி ஜெபா, படிக்கக் கொடுத்த பிரதியைப் பார்த்ததுமே குற்றம் கண்டுபிடித்தாள்.

"இது படிச்ச புக்கு மாதிரியா கீது? பொண்ணு பாக்க வந்த எடத்துல உக்காந்துகினு கீற மாதிரி கீது."

நியாயம்தான். பக்க முனைகளை மடக்க வேண்டும், கொஞ்சம் டீ சிந்த வேண்டும். இந்தப் புத்தகத்தை வெள்ளைக் கையுறை போட்டுத்தான் ஸ்டான்லி திறப்பான். முனையை மடக்கப் போனவன், அதை நீவிவிட்டுப் புத்தகத்தை மூடினான். ஜெகதீசன் அதைப் பிடுங்கி, மடியில் விரித்து, அதன்மேல் மசால் வடையை வைத்துத் தின்றுவிட்டுக் கொடுத்தான். புத்தகத்துக்குப் பத்து வயது கூடியிருந்தது.

"இப்ப சரி," என்றாள் ஜெபா. "ஆனா ஒத்த ஆளு படிச்சா செட்டப்புன்னு தெரிஞ்சிடும். ஏரியா மொத்தமும் படிக்கிதுன்னு சொல்லி வெச்சிருக்கியே."

ஆகவே சர்ச் பெண்கள் சங்கத்துத் தலைவி பிரிசில்லாவிடம் போனான்.

"படிச்சா இன்னா குடுப்ப?" என்றாள் பிரிசில்லா.

"அறிவு வளரும்க்கா."

"அத நீயே வெச்சுக்க. பிரியாணி உண்டா?"

"குஸ்கா போடறேன்."

"குஸ்காவுக்கு அட்டைய மட்டும் பாப்போம்."

பேரம் சிக்கன் பிரியாணியில் முடிந்தது. முட்டை தனியாகச் சேர்ந்தது. படித்தால் பிரியாணி என்ற செய்தி அன்று மாலைக்குள் ஆட்டோ ஸ்டாண்டை எட்டியது. அங்கிருந்து மீன் ஏலம் விடும் இடத்துக்குப் போனது. வந்தவர்களுக்கெல்லாம் ஸ்டான்லி பிரதி கொடுத்தான். மாடி அறையில் ஜன்னல் தெரிய ஆரம்பித்தது. ரெபேக்காளுக்கு மருமகன்மேல் முதன்முறையாக மரியாதை வந்தது.

சனிக்கிழமை வைஷாலியின் கார் ஸ்டூடியோ இருந்த தெருவுக்குள் நுழைந்தபோது, டீக்கடை பெஞ்சில் நால்வர் படித்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டோக்காரர்கள் சவாரியை மறுத்துவிட்டுப் படித்தார்கள். சர்ச் வாசலில் பிரிசில்லா ஒரு வரியைச் சத்தமாக வாசிக்க, சங்கமே "ஆமென்" சொன்னது.

வைஷாலி காரிலிருந்து இறங்கினார். முகம் வாடியது.

போதவில்லை போலிருக்கிறது என்று ஸ்டான்லி பதறி, ஜெகதீசனை முன்னால் தள்ளினான். ஜெகதீசன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். வாடகைக்கு வந்த கண்ணீர் மாதிரியே இல்லை.

"உண்மையைச் சொல்லுங்க," என்றார் வைஷாலி. "இது அவ்வளவு சுவாரஸ்யமா இருக்கா?"

"கைல எடுத்தா கீழ வெக்க மனசு வர்ல மேடம். லோடு ஏத்திகினு வந்தவன் எறக்காம நின்னு படிச்சிகினு இருந்தேன்."

பிரிசில்லா விட்டுக்கொடுப்பாளா? "எங்க சங்கத்துல இதுக்கு அடிதடியே ஆயிப்போச்சும்மா. ஒருத்தி வெச்சத இன்னொருத்தி அமுக்கிடறா."

"அமுக்கிடறாங்களா?" வைஷாலியின் குரல் இறங்கியது.

ஆட்டோ டிரைவர் ஒருவர் எட்டிப் பார்த்தார். "நான்கூட மூணு எடுத்துகினு போய் வூட்ல பத்திரமா வெச்சிகீறன் மேடம்."

ஸ்டான்லிக்கு உள்ளம் குளிர்ந்தது. காசு கொடுத்தாலும் இப்படி நடிக்க ஆள் கிடைக்காது.

வைஷாலி ஒரு பிரதியை வாங்கி மெல்லத் திறந்து, ஏக்கத்தோடு அந்த வெள்ளைப் பக்கங்களைப் பார்த்தார். பிறகு மூடித் திருப்பிக் கொடுத்தார்.

"வாழ்த்துகள் சார். ஆனா எங்களுக்கு இது சரிப்பட்டு வராது."

காரில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு யாருக்கோ போன் போட்டார். தன் வீட்டு மாடியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த ரெபேக்காளும் போனை எடுத்துப் பழைய பேப்பர்காரனை அழைத்தாள்.

ரிசார்ட் டிரைவர் சடையப்பன், யாரோ கொடுத்த பிரியாணியின் கடைசி வாயை மென்றுகொண்டு, கார் கதவைத் திறக்கப் போனார். ஸ்டான்லி ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தான்.

"அண்ணாத்த, ஊரே படிக்கிது. இதுக்கு மேல எவ்ளோ பேரு படிக்கணும்னு உங்க மேடம் எதிர்பாக்குறாங்க?"

சடையப்பன் வாயைத் துடைத்துக்கொண்டார். "போன தபா ரூமு ரூமுக்கு நல்ல புக்கா வாங்கி வெச்சாங்க சார், வந்த கெஸ்ட்டுங்க அல்லாரும் பொட்டில போட்டுகினு பூட்டாங்க, அதான் இந்த தபா எவனும் கையால தொடாத புக்கா தேடிகினு வந்தோம்."