வாய்ப்பூட்டுத் தீர்மானம்

உலகம் தோன்றிய நாளிலிருந்து மனிதன் நெருப்பை அடக்கியிருக்கிறான், நீரை அடக்கியிருக்கிறான், குதிரையை அடக்கியிருக்கிறான். நாக்கை அடக்கியது எங்கள் சபை ஒன்றுதான். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. அந்தத் தீர்மானத்தை முன்மொழிந்தவன் நான் என்பதால் சொல்கிறேன்.

எங்களுடையது சிறிய பிரெஸ்பிட்டேரியன் சபை. முப்பத்தேழு குடும்பங்கள், ஒரு போதகர், ஒரு பழைய ஆர்கன். பிஷப் கிடையாது. மூப்பர்கள் ஐந்து பேர் கூடித்தான் எதையும் முடிவு செய்வோம். ஆகையால் தனி மனிதர் ஒருவர் தவறு செய்துவிடும் அபாயம் எங்களிடம் இல்லை. செய்தால் ஐந்து பேரும் சேர்ந்து, முன்மொழிந்து, வழிமொழிந்து, முறைப்படிதான் செய்வோம்.

அந்த ஐவரில் மூத்தவனும் சபைச் செயலரும் நான். எனக்கு முன் என் அப்பா, அவருக்கு முன் தாத்தா. வலப்பக்கம் முதல் பெஞ்சு எங்களுடையது. அதில் பெயர் எழுதவில்லை. எழுதும் அவசியம் நேர்ந்ததில்லை. எங்கள் வீட்டிலிருந்து நல்ல செய்தியைத் தவிர வேறெதுவும் வாசல் தாண்டியதில்லை. உத்தியோகத்தில் நான் எடை அளவு ஆய்வாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். எது எவ்வளவு கனம் என்பதைத் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்பான லெந்து காலம் வந்தால் எதையாவது விட்டுவிடுவது எங்கள் வழக்கம். ஓர் ஆண்டு இனிப்பை விட்டோம். மூப்பர்களில் மூன்று பேருக்கு அதை ஏற்கெனவே டாக்டர் விலக்கியிருந்தார். அடுத்த ஆண்டு தொலைக்காட்சியை விட்டோம். நாற்பது நாளும் எல்லோரும் அடுத்த வீட்டுக்குப் போய்ப் பார்த்தார்கள். ஐக்கியம் வளர்ந்தது.

"இந்த வருஷம் எதை விடலாம்?" என்று போதகர் மூப்பர் கூட்டத்தில் கேட்டார். இளைஞர். இன்னும் கேள்வி கேட்கிற வயது.

"காப்பியை விடுவோமே," என்றார் மருந்துக்கடைக்காரர். அவரும் ஒரு மூப்பர்.

"காப்பியும் இல்லைன்னா ஐயாவோட பிரசங்கத்துல யாரு முழிச்சிருப்பா?" என்றார் இன்னொருவர்.

நான் எழுந்தேன். "புறங்கூறுதலை விடுவோம்," என்றேன்.

அறையில் அப்படி ஒரு நிசப்தம். ஐந்து வீடுகளின் கதைகள் ஐந்து தலைகளுக்குள் ஒரே நேரத்தில் ஓடுகிற நிசப்தம்.

இந்தத் தீர்மானத்துக்கும் என் குடும்பத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதற்கு மூன்று நாள் முன்னால் என் மகள் இடது மணிக்கட்டில் மாவுக்கட்டோடும் கையில் ஒரு பெட்டியோடும் என் வீட்டு வாசலில் வந்து இறங்கியது தற்செயல். பெட்டியைத் தூக்கிப் பார்த்தேன். ஏழு கிலோ. ஒரு வாரம் தங்க வருகிறவர்கள் கொண்டுவரும் கனம் என்று நிம்மதியடைந்தேன்.

"ஓடி வர்றவங்களும் அவ்வளவுதாங்க தூக்கிட்டு வருவாங்க," என்றாள் என் மனைவி. அவளுக்கு அளவைத் துறையில் பயிற்சி இல்லை.

தீர்மானத்தின் வாசகத்தை நானே எழுதினேன். 'சபையார் எவரும், அவ்விடத்தில் இல்லாத ஒருவரைப் பற்றி, அவ்விடத்தில் இருக்கும் இன்னொருவரிடம், நன்மையாகவோ தீமையாகவோ எதுவும் பேசலாகாது.'

"நல்லது பேசினா என்ன தப்பு?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"எல்லாம் நல்லதுலதான் ஆரம்பிக்கும். 'நல்ல பொண்ணு, பாவம்'னு ஒருத்தர் சொல்லுவார். 'ஏன், என்ன பாவம்?'னு அடுத்தவர் கேட்பார். முடிஞ்சது கதை."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். மகளுக்கு வலி மாத்திரை வாங்க முந்தின நாள்தான் அவர் கடைக்குப் போயிருந்தேன். பிறகு வழிமொழிந்தார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

லெந்தின் முதல் நாளான சாம்பல் புதனன்று அறிவித்தோம். வியாழக்கிழமையே முதல் ஆட்சேபம் வந்தது. கொண்டுவந்தவர் எங்கள் சபைத் தையல்காரி. 'வானொலி' என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். அளவு நாடாவைக் கழுத்தில் போட்டால் ஆளின் இடுப்பளவோடு இல்லற அளவையும் எடுத்துவிடுவார். அவருடைய வாயால் முந்தின ஆண்டில் மட்டும் நான்கு நோயாளிகள் அநாவசியமாக நலம் விசாரிக்கப்பட்டார்கள். ஒரு விதவை வீட்டில் ஒரு மாதம் முழுக்க யார் யாரோ சமைத்துக் கொடுத்தார்கள். இப்படிப்பட்ட குழப்பங்கள் ஏராளம்.

"அண்ணே, லெந்து நாப்பது நாள்ல ஞாயித்துக்கிழமை கணக்குல வராதில்ல? அப்ப ஞாயித்துக்கிழமை பேசலாமில்ல?" என்று கேட்டார்.

கேள்வியில் நியாயம் இருந்தது. ஆகவே அவசரக் கூட்டம் கூட்டி, ஞாயிறும் அடங்கும் என்று திருத்தம் கொண்டுவந்தோம்.

அடுத்து பெண்கள் ஜெபக்கூட்டம். "ஜெபத்துக்காகத்தான் சொல்றேன்" என்று ஆரம்பித்து அங்கே ஊரையே முழங்காலில் நிறுத்திவிடுவார்கள். எனவே இரண்டாவது திருத்தம்: ஆண்டவரிடமும் பெயர் சொல்லக் கூடாது. அவருக்குத் தெரியாதது எதுவுமில்லை.

அந்த வாரம் வானொலி ஜெபித்ததைக் கண்காணிப்புக் குழுத் தலைவன் என்ற முறையில் கதவருகே நின்று கேட்டேன். "ஆண்டவரே, இன்னாருன்னு சொல்லக்கூடாத ஒரு சகோதரிக்கு, இன்னதுன்னு சொல்லக்கூடாத ஒரு கஷ்டம். என்னன்னு எங்களுக்கும் தெரியாது, தெரிஞ்சுக்கவும் கூடாது. உமக்குத் தெரியும். நீரே போய்ப் பாத்துக்கும்."

"ஆமென்," என்றார்கள் பெண்கள், யாருக்கு என்று தெரியாமல். எவ்வளவு தூய்மையான ஜெபம்!

பலன் உடனே தெரிந்தது. ஆராதனை முடிந்ததும் தேநீர் வேளையில் ஒரு மணி நேரம் நடக்கும் இரைச்சல் ஏழு நிமிடமாகச் சுருங்கியது.

"வெயில் ஜாஸ்தி."

"ஆமா. போன வாரம் அவ்வளவு இல்லை."

"போன வாரத்தைப் பத்திப் பேசலாமா? அது இப்ப இங்க இல்லையே?"

"எதுக்கு வம்பு. தேநீரைக் குடிங்க."

சபையின் எலக்ட்ரீஷியன் ஏணியிலிருந்து விழுந்து, கால் முறிந்து, பத்தொன்பது நாள் தனியாகப் படுத்திருந்தார். யாரும் போய்த் தொந்தரவு செய்யவில்லை. விழுந்ததைப் பார்த்தவர்கள் இருவர். இருவரும் பேச்சு உபவாசத்தை முறிக்கவில்லை.

என் வீட்டிலும் அமைதி நிலவியது. மகள் பின்னறையில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். படியில் வழுக்கி விழுந்தாள் என்று அவளுக்காக நானே ஒரு காரணம் தயார் செய்து வைத்திருந்தேன்.

"நாங்க இருக்கறது தரைத்தளம்ப்பா. படியே கிடையாது," என்றாள்.

"எங்கேயோ ஒரு படி. யாரு போய் எண்ணப் போறா?"

"இது ரெண்டாவது தடவைப்பா. முதல் தடவை கை உடையல, அதனால நான் வரல. என்னைத் திரும்பி அனுப்பாதீங்க."

நான் யோசிக்காமல் முடிவெடுப்பவன் அல்லன். மாப்பிள்ளை நானே தேடிப் பிடித்தவர். அவருடைய அப்பா பெரிய சபையில் தலைமை மூப்பர். இரு குடும்பத்துக்கும் சேர்த்தால் ஆறு தலைமுறை மூப்பர்கள். அந்தப் பக்கம் ஆறு தலைமுறை, இந்தப் பக்கம் ஒரு மணிக்கட்டு. தராசு எந்தப் பக்கம் தாழும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. மாப்பிள்ளையிடம் தொலைபேசியில் பேசினேன். ஈஸ்டருக்கு முந்தின வாரம் வரும் குருத்தோலை ஞாயிறன்று மதியம் காரோடு வந்து அழைத்துப் போவதாகப் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார். ஈஸ்டருக்குள் எல்லாம் சரியாகிவிடும். யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

"ஒரு வார்த்தை கேக்க ஆளில்லாம பொண்ணு செவத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்கா," என்றாள் மனைவி. "அந்தத் தையல்காரம்மாகிட்டயாவது சொல்லட்டுமா?"

"சொன்னா நீ உபவாசத்தை முறிச்ச முதல் ஆளு. சபைச் செயலர் பெண்டாட்டி!"

அவள் மகளுக்குச் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனாள்.

நான்காம் வாரத்தில் வானொலியே வந்தார். தைத்து முடித்த என் கோட்டைக் கொண்டுவந்தார். வழக்கமாக நான் போய்த்தான் வாங்குவேன். முன்னறையில் உட்கார வைத்தேன். பின்னறைக் கதவு சாத்தியிருந்தது.

"அண்ணே, உள்ள யாரோ இருமின மாதிரி இருக்கே?"

"இந்த அறையில நீங்க இருக்கீங்க, நான் இருக்கேன். வேற யாரும் இல்லை. இல்லாதவங்களைப் பத்திப் பேசக் கூடாது."

"கதவைத் திறந்தா அவங்களும் இருக்கறவங்க ஆயிடுவாங்களே?"

"திறந்தா."

அவர் கதவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அளவு நாடாவை விரலில் சுற்றி, பிரித்து, மறுபடி சுற்றினார். எழுந்தார். வாசல்வரை போய்த் திரும்பி, கதவைப் பார்த்தே உரக்கச் சொன்னார்: "நான் யாரைப் பத்தியும் பேசல அண்ணே. என் வீட்டைப் பத்தித்தான் பேசறேன். என் வீட்ல ஒரு ரூம் காலியா இருக்கு. அவ்வளவுதான்."

தன் வீட்டைப் பற்றிப் பேசுவதைத் தீர்மானம் தடுக்கவில்லை. அது வாசகத்தில் நேர்ந்த குறை. மூன்றாவது திருத்தத்துக்குக் குறித்துக்கொண்டேன்.

குருத்தோலை ஞாயிறு வந்தது. மதியத்துக்குள் பெட்டியைக் கட்டித் தயாராக இருக்கும்படி மகளிடம் சொல்லிவிட்டு ஆலயம் போனேன். மனைவி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். உபவாசத்தால் பெற்ற நன்மைகளைச் சொல்லச் சாட்சி நேரம் ஒதுக்கியிருந்தோம்.

எலக்ட்ரீஷியன் ஊன்றுகோலோடு எழுந்தார். "பத்தொன்பது நாள் ஒரு ஆளும் வரல. நல்ல ஓய்வு," என்றார்.  சபையார் ஆமென் சொன்னார்கள். ஆனால் யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்போது பின்வாசலில் என் மகள் நின்றாள். வலக்கையில் பெட்டி, இடக்கையில் கட்டு.

"எனக்கும் ஒரு சாட்சி இருக்கு," என்றாள்.

"முன்கூட்டியே பேர் கொடுக்கணும்," என்றேன், முன்பக்கம் திரும்பிக்கொண்டே.

"சொல்லட்டும், மூப்பர் ஐயா," என்றார் போதகர். வந்த நாள் முதலாக அவர் என்னை மறுத்துப் பேசியது அதுவே முதல் தடவை.

"என் கையை உடைச்சவரு..." என்று அவள் ஆரம்பித்தாள்.

நான் துள்ளி எழுந்தேன். "ஆட்சேபிக்கிறேன்! மாப்பிள்ளை இங்க இல்லை. இல்லாதவரைப் பத்திப் பேசறது தீர்மானத்துக்கு விரோதம்!"

சபையில் ஒரு சலசலப்பு எழுந்து, அப்படியே நின்றது. அவள் இன்னும் யார் என்று சொல்லியிருக்கவில்லை என்பது எனக்கு மூன்று விநாடி கழித்துத்தான் எட்டியது. மருந்துக்கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

மகள் மட்டும் பதறவில்லை. "சரிப்பா. இல்லாதவரைப் பத்திப் பேசல. இருக்கறவரைப் பத்தி மட்டும் பேசறேன். எங்கப்பாவுக்கு முதல் நாளே எல்லாம் தெரியும். இன்னைக்கு மதியம் என்னைத் திரும்பி அனுப்பறதுக்கு ஏற்பாடு பண்ணினதும் அவர்தான். ஆறு வாரமா இந்தச் சபையில யாராவது ஒருத்தர் கதவைத் தட்டி, 'கைக்கு என்னம்மா?'ன்னு கேட்பீங்கன்னு பாத்தேன். யாரும் கேக்கல. நானே கேட்டுக்கறேன். நான் போகணுமா, வேண்டாமா?"

யாரும் முன்மொழியவில்லை, வழிமொழியவில்லை. வானொலி எழுந்து போய் அவள் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டார். "நாலாம் வாரமே இதைச் செஞ்சிருக்கணும். மன்னிச்சுக்கம்மா," என்றார். இத்தனை சன்னமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. என் மனைவி முதல் பெஞ்சை விட்டு எழுந்து, நடுப்பாதை வழியாகப் பின்னால் நடந்தாள். நாற்பத்தொரு வருடத்தில் ஆராதனையின் நடுவில் அவள் எழுந்து நான் பார்த்ததில்லை.

மதியம் சொன்ன நேரத்துக்குக் கார் வந்தது. என் வீட்டு வாசலில் இருபது பெண்கள் நின்றிருந்தார்கள், ஊன்றுகோலோடு எலக்ட்ரீஷியனும். மாப்பிள்ளை கண்ணாடியைப் பாதி இறக்கினார், ஏற்றினார். வந்த வழியே கார் திரும்பியது. மகள் அன்றே வானொலி வீட்டுக்குப் போனாள். மனைவி உதவிக்குப் போயிருக்கிறாள். எத்தனை நாளைக்கு என்று சொல்லவில்லை.

இருந்தாலும் ஆண்டறிக்கையில் நான் நடந்ததைத்தான் எழுத வேண்டும். வாய்ப்பூட்டுத் தீர்மானம் முழு வெற்றி. அன்று சபையில் ஒரே ஒருவர்கூட என் முதுகுக்குப் பின்னால் என்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. முப்பத்தாறு குடும்பங்களும் ஆலய வாசலில் வரிசையாக நின்று, ஒவ்வொருவராக, என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.