மதிப்பெண் நிரப்பி

வாசகர்களே, மதிப்பெண் நிரப்பி என்றோர் இனம் உண்டு. எந்தப் பள்ளியிலும் காணலாம். நம் கோதண்டராமன் சார் அதில் உயர்ந்த ரகம். கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ் பிடித்துத் திருவண்ணாமலைக்கு வந்து, ஆறாம் வகுப்பில் அமர்ந்து, கைக்குட்டையால் மேசையைத் துடைத்து, அடிக்கோல் வைத்துக் கட்டம் போட்டு, வளரறி மதிப்பீடு, தொகுத்தறி மதிப்பீடு, செயல்பாடு, வாய்மொழி என்று தலைப்பு எழுதி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். பாடமா? அதற்குத்தான் கட்டம் இல்லையே.

வளரறி மதிப்பீடு எதற்கு? பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்று பாடம் நடக்கும்போதே கண்டுபிடிக்க. சார் கண்டுபிடித்ததோ பதினெட்டை. இருபதுக்குப் பத்தொன்பது போட்டால் ‘எப்படி?’ என்பார்கள். பதினாறு போட்டால் ‘ஏன்?’ என்பார்கள். பதினெட்டை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. பௌர்ணமி கிரிவலத்துக்கு மறுநாள் முப்பத்தாறு பேரில் பதினொருவர் வரவில்லை. அன்றைய செயல்பாட்டுக்கு முப்பத்தாறு பதினெட்டுகள்.

போன வெள்ளிக்கிழமை, அதில் ஒரு பதினெட்டைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு எல்லம்மாள் வந்தாள். மகள் சிந்துஜா.

“சார், இது இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்குது. சாயந்தரம் தனி வகுப்பு வெக்கிறாங்களாமே, அதுல சேத்துக்குங்க.”

“அது மார்க் கம்மியா வாங்குற பசங்களுக்கும்மா. உங்க பொண்ணு பதினெட்டு!”

“அப்ப கொஞ்சம் கம்மி பண்ணிடுங்க சார்.”

சார் ஆடிப்போனார். முப்பத்தொரு வருட வேலையில் மதிப்பெண்ணைக் கூட்டச் சொன்ன பெற்றோர் உண்டு. குறைக்கச் சொன்னவர் உண்டா?

“என்னம்மா பேசறீங்க? ரெஜிஸ்டர்ல அடித்தல் திருத்தல் கூடாது!”

“ஏழாவது போனா இதுக்கு யாரு சார் உக்காந்து எழுத்து சொல்லித் தருவாங்க? ஏய் சிந்து, அந்தப் பலகையைச் சாருக்குப் படிச்சுக் காட்டுடி.”

“கா... காலை... வ... வ...” சுவரில் மாட்டிய ‘காலை வழிபாடு’ பலகையின் இரண்டாம் சொல்லில் சிந்துஜா நின்றாள். கண் நிறைந்துவிட்டது.

சாரின் முகம் மலர்ந்தது. வாய்மொழிக் கட்டம் இன்னும் காலி என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பிள்ளை வாயைத் திறந்தாயிற்று. பத்துக்கு ஒன்பது!

“சூப்பரா பண்றாம்மா. தைரியமா போங்க” என்று அனுப்பிவைத்தார். தனி வகுப்புக்கான பட்டியலில் ஆறாம் வகுப்புக்கு எதிரே ‘இல்லை’ என்று எழுதினார். அழகான கையெழுத்து.

சிரிக்கிறீர்களா? உங்கள் பிள்ளை நீட்டிய மதிப்பெண் அட்டையில் எண்ணைப் பார்த்து, தலையைத் தடவி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீர்களே. ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிக் கேட்டீர்களா?