மேனேஜர் மாமாவின் டயர் பம்ப்

எங்கள் ரப்பர் தோட்டத்தில் ஓடத் தெரிந்த அத்தனை பிள்ளைகளையும் வாயாலேயே ஒலிம்பிக்குக்கு அனுப்பிவைத்து, ஒருவரையும் அவிசாவளை பஸ் ஸ்டாண்டைத் தாண்டவிடாத ஒரே மனிதர் மேனேஜர் மாமா. தெஹியோவிட்டவில் ஆட்டோ ஓட்டுகிறார். வீரர்களுக்கெல்லாம் மேனேஜர் என்று தன்னைத்தானே நியமித்துக்கொண்டவர்.

அவருடைய ஆட்டோவில்தான் எனக்கு ஒரு யோசனை வந்தது. முழங்கால் வீங்கிய என் தங்கச்சி ஷாலினியை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்துகொண்டிருந்தோம். யோசனைக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது. அதை முதலில் கொட்டிவிடுகிறேன்.

எண்ணூறு மீற்றரில் அவள் மாகாணத்துக்கே முதலாவதாக வந்த மறுநாள், மாமா அவள் எதிர்காலத்தைக் கையில் எடுத்தார். முதல் பாடம் கையெழுத்து. ரசிகர்கள் கேட்பார்களாம். மூன்று மொழியிலும் போடப் பழக்கினார். அடுத்தது பேட்டி. டயர் பம்பை மைக்காக நீட்டி, "நங்கி, தென் கொஹொமத?" என்று, தங்கச்சிக்கு இப்போது எப்படி இருக்கிறது என்பதைச் சிங்கள டீவிக்காரர் குரலில் கேட்பார். இவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஹரி சந்தோசய்", ரொம்ப சந்தோஷம், என்று சிங்களத்தில் பூரிக்க வேண்டும். கண்ணீர் வராவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து.

கணக்கு டியூஷன் மட்டும் கூடாது. உட்கார்ந்து எழுதினால் தொடை இறுகிவிடுமாம். பள்ளிக்கூடமாவது ஒழுங்கா? பதக்கத்துக்கு மாலை போட்டவர்கள், ஓ.எல். பரீட்சைக்கு இவள் என்ன செய்வாள் என்று ஒரு வார்த்தை கேட்டார்களா?

மழை பெய்தால் மரத்தில் பால்வெட்டு இல்லை, வேலைக்கு ஆள் வராது. ஆகவே ரப்பர் மரங்களுக்கு நடுவே பாதை காலி. ஆகவே பயிற்சிக்கு அதுதான் நல்ல நாள். இது மாமாவின் கண்டுபிடிப்பு. வழுக்கும் என்று தோட்டத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஷாலினி மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்த பிறகுதான் தோன்றியது. டாக்டர் இந்த வருஷம் ஓட்டமே கூடாது என்றுவிட்டார்.

"ஓட முடியாமப் போனா இவ என்ன செய்வான்னு ஒரு நாளாவது யோசிச்சீங்களா மாமா?" என்றேன்.

"அப்படி யோசிச்சா புள்ள ஓடுமா தம்பி?" கொஞ்ச தூரம் போய், "ஒலிம்பிக் வரைக்கும் பிளான் பண்ணிட்டேன். இடையிலதான் ஒண்ணும் பண்ணல" என்றார்.

பின்சீட்டிலிருந்து ஷாலினி சொன்னாள்: "கணக்கு ஃபெயிலானா, ஓடுறவங்களுக்கு வேலை குடுக்கிற கம்பெனி டீம்லகூட எடுக்க மாட்டாங்க மாமா."

"இத யாரு பாப்பா உனக்குச் சொன்னா?"

"யாரும் சொல்லல. நானாத்தான் விசாரிச்சேன்."

ஆட்டோ திரும்பியது. வீட்டுக்கல்ல, டியூஷன் வாசலுக்கு. கட்டுப்போட்ட காலோடு அவளை இறக்கிவிட்டு, ஓட்டம் தொடங்குகிற மாதிரி விசில் ஊதினார். இப்போது தினமும் அவர்தான் ஏற்றி இறக்குகிறார். வகுப்பு முடிந்ததும் பம்பை நீட்டி, இன்றைய சமன்பாடு எப்படி இருந்தது என்று பேட்டி எடுக்கிறார்.

ஆட்டோவில் எனக்கு வந்த யோசனை இதுதான்: வருகிற சனிக்கிழமை, ஓடுகிற பிள்ளைகளையெல்லாம் பெற்றோரோடு கூட்டப்போகிறேன். எந்த டீமுக்கு எந்தப் பாடம் பாஸாக வேண்டும், கால் ஒத்துழைக்காவிட்டால் அடுத்து என்ன என்று பேசத்தான். மாமாவைக் கூப்பிடாதே என்கிறார் அப்பா. கூப்பிட்டாயிற்று. டயர் பம்பையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். அது முன்னால் இல்லாவிட்டால் எங்கள் பிள்ளைகளுக்குப் பேச வராது.