சங்கத்தில் சேராத சிங்கம்

"சங்கத்துல சேர மாட்டேன். இது உறுதி!"

ஹால் நடுவில் நின்று நான் முழங்கிய முழக்கத்தில் சுவரிலிருந்து ஒரு சில்லு சுண்ணாம்பு பெயர்ந்து என் காபியில் விழுந்தது.

நான் பெயிண்டிங் கான்ட்ராக்டர். முதலாளியும் நானே, தொழிலாளியும் நானே. ஏணியைப் பிடித்துக்கொள்ள ஆளில்லாமல் ஏணியிடமே கெஞ்சுகிறவனும் நானே. ஊரார் சுவரெல்லாம் என்னால் பளபளக்கும். என் வீட்டுச் சுவர் மட்டும் தோல் உரியும். அதற்கு நேரம் ஏது?

அன்று காலை பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் வந்திருந்தார். அவரும் என்னைப் போலத் தனி ஆள்தான். பொசுக்கென்று கோபம் வருவதால் தெருவில் அவருக்கு 'ஃபியூஸ்' என்று பெயர்.

"தனியா வேலை எடுத்துச் செய்யறவங்களுக்குன்னே ஒரு சங்கம் இருக்குண்ணே. சேருங்க. வேலை குடுத்த பார்ட்டி தகராறு பண்ணினா சங்கம் பேசும்."

"எனக்கு வாய் இருக்கு. நானே பேசிக்குவேன்."

"படுத்துட்டீங்கன்னா உங்க வேலையை இன்னொரு மெம்பர் முடிச்சுக் குடுப்பாரு."

"நான் படுக்க மாட்டேன்."

ஃபியூஸ் போய்விட்டார். அதாவது, எரிந்து போய்விட்டார்.

அடுத்து மனைவியிடமிருந்து தாக்குதல் வரும் என்று தயாராக நின்றேன். அவள் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பாளர். வாசல்வரை வந்துவிட்டுப் பயந்து ஓடுகிறவர்களைப் பேசியே நாற்காலியில் உட்கார வைப்பதுதான் அவள் உத்தியோகம்.

"ரொம்ப சரிங்க. சேராதீங்க," என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னது?"

"எதுக்கு சங்கம்? ஊர்ல உங்களுக்கு மேல யாரு இருக்கா?"

"வீட்டுல இருக்கியே!"

"சும்மா இருங்க. அதுவுமில்லாம, அங்க எல்லாரையும் சேர்த்துக்க மாட்டாங்களாம். மூணு பேர் வந்து நம்ம வேலையை டார்ச் அடிச்சுப் பார்ப்பாங்களாம். பரீட்சை மாதிரி. அதுல போய் எதுக்கு மாட்டிக்கிட்டு..."

"மாட்டிக்கிட்டா? நான் ஃபெயிலாயிடுவேன்னு சொல்றியா?"

"நான் எங்க சொன்னேன்? பக்கத்து வீட்டு அக்காதான் லேசா சிரிச்சாங்க."

"சிரிச்சாங்களா?"

"லேசாத்தான்."

கொதித்துவிட்டேன். "பாஸாகிக் காட்டறேன்! பாஸாகிட்டு, 'உங்க சங்கமே எனக்கு வேண்டாம்'னு மூஞ்சிக்கு நேரா சொல்றேன்!"

"நிஜமாவா? அவ்வளவு தைரியமா?" அவள் கண்கள் வியப்பில் விரிந்தன. இந்த வீட்டில் அந்த வியப்பை நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. "அப்ப ஞாயித்துக்கிழமை வரச் சொல்லிடறேன். எந்தச் சுவரைக் காட்டப் போறீங்க?"

"போன மாசம் பெயிண்ட் அடிச்ச டாக்டர் வீடு."

"நைட் டூட்டி முடிச்சு அவர் தூங்கற நேரத்துல மூணு பேர் டார்ச்சோட போனா போலீஸ்தான் வரும்."

"சரி, இப்ப அடிச்சு முடிச்ச துணிக்கடை."

"அங்க சுவரெல்லாம் அலமாரி. சுவரைக் காட்ட சேலையை எல்லாம் இறக்கணும்." பெருமூச்சு விட்டாள். "ஒரு சுவர் கிடைக்காம உங்க திறமை வீணாப் போகுதே!"

அப்போதுதான் எனக்கு மூளையில் பளிச்சென்றது. எனக்கேதான்! "ஏன், நம்ம ஹால் இல்லையா?"

"நம்ம ஹாலா!" அவள் கையைத் தட்டினாள். "எனக்குத் தோணவே இல்லையே!"

பழைய சுண்ணாம்பைச் சுரண்டினேன். பட்டி வைத்தேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து நானே பட்டி பூசிய சிலை மாதிரி ஆனேன். பிரைமர் ஒரு கோட், பெயிண்ட் இரண்டு கோட். சங்கத்தாருக்கு இளம்பச்சை பிடிக்கும் என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள். அதிர்ஷ்டம் பாருங்கள், அவள் புதிதாக வாங்கி வைத்திருந்த திரைச்சீலைக்கும் அதே நிறம் அச்சாகப் பொருந்தியது.

ஞாயிறு வந்தது. மூவரும் வந்தார்கள். ஃபியூஸ், டைல்ஸ் ஒட்டும் ஒருவர், கண்ணாடிக் கதவு பொருத்தும் சங்கத் தலைவி. தலைவி சுவரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார்.

"கண்ணாடி தோத்துடும் போங்க!" என்றார்.

நெஞ்சு நிமிர்ந்தது. மூஞ்சிக்கு நேராகச் சொல்லத் தொண்டையைச் செருமினேன். செல்போன் அடித்தது. துணிக்கடைக்காரர்.

"மாடிப்படிச் சுவரும் சேர்த்துதானே பேசினோம்? நாளைக்கு வந்து அடிச்சிடுங்க."

"இல்லீங்க... அது வந்து... நாம பேசினது கீழ மட்டும்..." எனக்கு இருந்த வாய் எங்கேயோ போய்விட்டது. "சரிங்க, வேணா வந்து..."

தலைவி கையை நீட்டிப் போனை வாங்கினார். "வணக்கம். சங்கத் தலைவி பேசறேன். மாடிப்படிக்குத் தனியா ஒப்பந்தம் போட்டுக்கலாம். உங்களுக்கு எந்த நாள் சௌகரியம்?" குரலை உயர்த்தவே இல்லை. எதிர்முனையில் ஒரு "சரிங்க மேடம்" எனக்கே கேட்டது. இத்தனை வருஷத்தில் எனக்கு எந்த பார்ட்டியும் 'சரி' சொன்னதில்லை. எப்போதும் நான்தான் சொல்வேன்.

ஏணியை யாரோ பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது.

"சேர்ந்துக்கறேன்," என்றேன். என் குரல்தான் அது.

ஃபியூஸ் எரியாமல் ஒளிர்ந்தார். எல்லாரும் கைகுலுக்கினார்கள். மனைவி இரண்டாவது சுற்றுக் காபி கொண்டு வந்தாள். உற்சாகத்தில் நான் கேட்டுவிட்டேன்.

"மேடம், பரீட்சையில எனக்கு எவ்வளவு மார்க்?"

"என்ன பரீட்சை?"

"இந்த... டார்ச் அடிச்சு..."

"எங்க சங்கத்துல பரீட்சையே கிடையாதே! ஹாலுக்குப் புதுசா பெயிண்ட் அடிச்சிருக்கோம், காபி சாப்பிட வாங்கன்னு உங்க வீட்டம்மா கூப்பிட்டாங்க. வந்தோம்."

மெல்லத் திரும்பினேன். மனைவி காபித் தட்டோடு அப்பாவியாக நின்றாள்.

"அப்படியா அக்கா? நான்தான் தப்பாக் கேட்டுட்டேன் போல. ஆனா வருஷா வருஷம் மெம்பர்ஷிப்பைப் புதுப்பிக்கறப்ப பரீட்சை உண்டுதானே? எங்களுக்குப் படுக்கையறை பாக்கி இருக்கு."

தலைவி என்னைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மற்ற இருவரையும் பார்த்தார். ஃபியூஸ் கையைத் தூக்கினார். டைல்ஸ்காரரும் தூக்கினார்.

"உண்டும்மா," என்றார் தலைவி. "இப்பத்தான் ஏகமனதாத் தீர்மானம் நிறைவேறிச்சு."