சுரங்கக்காரர் நீங்கள் அல்ல, சம்மந்தி

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு

புல்மோட்டையில் வாழும் கண்ணியமும் பொறுமையும் நிறைந்த சம்மந்தி ஜனாப் ஹஸன் அவர்களுக்கு, கலீலுர் றஹ்மான் எழுதுவது.

அஸ்ஸலாமு அலைக்கும். தங்களுக்கும், தங்கள் துணைவியாருக்கும், என் மகளை மணமுடிக்க இருக்கும் தங்கள் மகன் இன்ஷாபுக்கும் வல்ல இறைவன் பூரண சுகத்தையும், குறிப்பாகத் தங்களுக்கு நல்ல மறதியையும் தந்தருள்வானாக. இங்கு நானும் மனைவி பரீதாவும் மகள் ரிஸ்லாவும் சுகம் என்று எழுதுவதே மரியாதை என்பதால் அவ்வாறே எழுதுகிறேன். உண்மையில் பரீதா என்னோடு கதைப்பதில்லை, ரிஸ்லா ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை, எனக்குக் கதிரையில் இருப்புக் கொள்ளவில்லை. இருந்தால் எழும்புகிறேன், எழும்பினால் வாசலுக்குப் போகிறேன், வாசலில் நின்றால் உள்ளே போன் அடிக்கிறதோ என்று திரும்பி ஓடுகிறேன். அடித்தாலும் அது தாங்கள் இல்லை.

நான் எடுத்தாலும் தங்கள் போன் அடிப்பதில்லை. ஒரு பெண்பிள்ளை வந்து, தொடர்பு கொள்ள முடியாது என்று மூன்று பாஷையில் சொல்கிறார். மூன்று பாஷையிலும் தாங்கள் கோபமாக இருக்கிறீர்கள் என்றுதான் எனக்கு விளங்குகிறது. ஆகவே நேரே விசயத்துக்கு வருகிறேன். சஹன் சாப்பாட்டைப் பற்றி நான் இன்டர்நெட்டில் எழுதிய கட்டுரையில் வருகிற சுரங்கக்காரர் நீங்கள் அல்ல. ஒருபோதும் அல்ல. இது எப்படி வந்தது என்று தொடக்கத்திலிருந்து சொன்னால்தான் தங்களுக்கு விளங்கும், எனக்கும் கொஞ்சம் விளங்கும்.

துறைமுகத்துக் களஞ்சியத்தில் கயிறும் கொளுக்கியும் பெயின்டும் பார்த்துக்கொண்டிருந்த மனிசன் நான். பென்ஷனில் வந்த பிறகு வீட்டில் பார்க்க ஒன்றுமில்லை. குசினிக்குள் போய்ப் பரீதாவின் போத்தல் எல்லாவற்றுக்கும் பெயர் எழுதி ஒட்டினேன். மிளகாய்த்தூளை மிளகாய்த்தூள் என்று தெரியாமலா இவ்வளவு காலமும் உங்களுக்கு ஆக்கிப்போட்டனான் என்று கேட்டா. அலுமாரியை இடம் மாத்தினேன். மறுகா அவவே திருப்பி மாத்தினா. கடைசியில் என் தங்கச்சியின் மகன் நஸ்ரி, குவைத்தில் கம்ப்யூட்டர் வேலை செய்யிறவன், லீவில் வந்திருந்தவன், மாமியின் கண்ணீரைப் பார்த்துப்போட்டு, "மாமா, நீங்க ஒரு வலைப்பூ தொடங்குங்க, வீட்டிலிருந்தே எழுதலாம், ஆக்கள் வந்து வாசிச்சா விளம்பரம் வரும்" என்டான். சரி, எழுதுவம் என்டு பேனையத் தூக்கினன். "பொறுங்க மாமா, எல்லாத்தப் பற்றியும் எழுத ஏலாது, ஒரு விசயத்தப் பிடிக்க வேணும், அதுக்குப் பேர் நிஷ்" என்டான். ஆக்கள் தேடுற விசயமா இருக்கோணுமாம், எனக்குத் தெரிஞ்ச விசயமா இருக்கோணுமாம், விளம்பரக்காரன் காசு போடுற விசயமாவும் இருக்கோணுமாம். இந்த மூன்டும் ஒன்டாச் சேருற இடத்தப் பிடிச்சா வாழ்க்க முழுக்கக் கவலையில்லயாம். அதப் பிடிக்கப் போய்த்தான் சம்மந்தி நான் இப்படி நாறிப்போய் நிக்கிறன்.

எனக்குத் தெரிஞ்சது கயிறு. உப்புத் தண்ணியில எந்தக் கயிறு எப்ப இத்துப்போகும் என்டு உருகி உருகி எழுதினன். வாசிச்சது ஒரே ஒரு ஆள், அது நஸ்ரி, அவனும் பாதிதான். சரி, கப்பலப் பற்றி எழுதுவம், எது வருது எது போகுது என்டு போடுவம் என்டு நினைச்சன். என்னோட வேல செஞ்ச ஒருத்தர் கேள்விப்பட்டு வீட்டுக்கே வந்திட்டார். "றஹ்மான், உனக்குப் பென்ஷன் போதாதா, கம்பி எண்ணுற வேலயும் வேணுமா?" என்டார். கப்பல அன்டைக்கே விட்டுட்டன்.

பிறகு சுற்றுலா. அதுக்குத்தான் விளம்பரம் கூட என்டு நஸ்ரி சொன்னான். பரீதாட தம்பி அன்ஸார உங்களுக்குத் தெரியும்தானே, நிலாவெளியில வெள்ளக்காரருக்கு அற வாடகைக்குக் குடுக்கிறவன், நிச்சயதார்த்தத்தன்டு உங்களுக்குக் குட பிடிச்சவன். அவன்ட இடத்தப் பற்றியே நல்ல மாதிரி எழுதுவம் என்டு போய் ஒரு நாள் தங்கினன். உண்மைய எழுதினாத்தான் ஆக்கள் நம்புவாங்க என்டு நஸ்ரி சொல்லியிருந்ததால, அற வலு துப்புரவு, கடல் காத்து நல்லா வரும், ஏசி மட்டும் தலமாட்டில சொட்டும், ஆனா வாளி வச்சிருக்காங்க, கட்டிலில சுவர்ப்பக்கமாப் படுத்தா நனையாது என்டு உதவியா எழுதினன். அன்ஸார் என்னோட கதைக்கிறத விட்டுட்டான். வாளியும் எடுத்துட்டானாம்.

தோட்டம் எழுதினன். டவுன் மான்கள உங்களுக்குத் தெரியும், பஸ் ஸ்டான்டில ஆக்களோட ஆக்களா நிக்கிறதுகள். மான் தின்னாத செடிகள் என்டு ஒரு தொடர் தொடங்கினன். முதல் வாரம் செவ்வரத்த. எழுதின அடுத்த நாள் காலையில எங்கட வீட்டுச் செவ்வரத்தயில தண்டுதான் மிச்சம். ரெண்டாம் வாரம் குரோட்டன், அதுவும் அப்படியே. மான் என்ட வலைப்பூவ வாசிச்சுப்போட்டுத்தான் வருது என்டு ரிஸ்லா சொன்னாள். அப்ப அவள் என்னோட சிரிச்சுக் கதைச்சுக்கொண்டிருந்தவள்.

சமையல் எழுதப் போனன். வட்டிலப்பத்துக்குக் கருப்பட்டி எவ்வளவு என்டு பரீதாட்டக் கேட்டன். போடுற அளவு என்டா. எவ்வளவு நேரம் அவிக்கிற? அவியுற மட்டும். இத எப்படி நான் எழுதுற என்டு கேட்டன். "எழுதாதீங்க, திண்டுபோட்டுப் பேசாம இருங்க" என்டா. அந்த நிஷ் அதோட முடிஞ்சுது.

அப்பதான் கிண்ணியாக் கல்யாணம் வந்துது. நீங்களும் வந்திருந்தீங்க. மாப்பிள்ள வீட்டாரும் பொண்ணு வீட்டாரும் ஒன்டாச் சாப்பிடட்டும் என்டு நம்ம ரெண்டு பேரையும் ஒரே சஹன்ல இருத்தினாங்க. எனக்கு வயிறு நிறைஞ்சுது, அல்ஹம்துலில்லாஹ், ஆனா முழுசா நிறையல்ல. வீட்ட வந்தும் நித்திர வரல்ல. எழும்பி எழுதினன். வெளியூர் ஆக்களுக்கும் விளங்கட்டும் என்டு, ஒரு பெரிய தாலத்தில சோத்தக் குவிச்சு ஆறு பேர் சுத்தியிருந்து ஒரே தாலத்தில கையப் போட்டுத் தின்னுறதுதான் சஹன் என்டு தொடங்கி, அதில இருக்கிற ஆறு வகை மனிசரப் பற்றியும் எழுதினன். ஆருட பேரும் போடல்ல. ஊர்க்கத சொல்லி மத்த ஆக்கள மறக்கடிச்சுப்போட்டுத் தான் மட்டும் தின்னுறவர். போதும் போதும் என்டு சொல்லிக்கொண்டே அடுத்த ஆள்ட பக்கத்தில அள்ளுறவர். ஆரையும் கேக்காம எல்லார்ட சோத்திலயும் அச்சாற அள்ளிக் கொட்டுறவர். அந்த வரிசையிலதான் சுரங்கக்காரர் வந்தார். தன்ட பக்கத்துச் சோறு மல மாதிரி அப்படியே இருக்கும், விரல் மட்டும் கீழால வரும், எதிர்ப்பக்கத்தில நான் கடைசிக்கு என்டு ஒதுக்கி வச்சிருந்த ஈரல் துண்டு, நான் பாத்துக்கொண்டிருக்கக்குள்ளயே, ஓட்ட விழுந்த தோணி மாதிரி மெல்ல மெல்லச் சோத்துக்குள்ள தாண்டுபோகும். இது பொதுவா எழுதினது சம்மந்தி. எந்த ஊரிலயும் நடக்கிறது.

எழுதிப்போட்டுப் படுத்தன். காலையில நஸ்ரி குவைத்திலயிருந்து கத்துறான், "மாமா, நிஷ் கிடைச்சிட்டு!" லண்டனில வாசிக்கிறாங்களாம், டோஹாவில வாசிக்கிறாங்களாம், மூதூரில ஒரு கடையில சத்தமா வாசிச்சுச் சிரிச்சாங்களாம். செமிபாட்டுச் சூரணம் விக்கிற ஒரு கொம்பனி விளம்பரம் போடட்டா என்டு கேட்டு எழுதியிருக்கு. கயித்துக்கு வராத ஆக்கள், கடலுக்கு வராத ஆக்கள், ஈரல் துண்டுக்கு வந்தாங்க. அந்தக் காலைச் சந்தோசத்த நான் என்னத்தச் சொல்ல. தேத்தண்ணிய நானே ஊத்திப் பரீதாவுக்கும் குடுத்தன்.

லுஹர் தொழுகைக்குப் பள்ளிக்குப் போறன், வாசலிலயே ஒருத்தர் தோளப் பிடிச்சார். "அச்சாறுக்காரன் என்டு என்னத்தானே போட்டிருக்கிற?" இல்ல காக்கா என்டன். அவர் நகர முந்தி இன்னொருத்தர், "அது நான்தான் என்டு எனக்குத் தெரியும், என்ட பொஞ்சாதி வாசிச்சுப்போட்டு அப்படியே நீங்கதான் என்டு சொன்னா" என்டார். அன்ஸாரும் பேச்சத் தொடங்கிட்டான், அதுவும் எதுக்கு? "மச்சான், போதும் போதும் என்டுறது நான்தானே, பேரையும் போட்டிருக்கலாமே, என்ட ஹோட்டலுக்கும் விளம்பரமாகும்" என்டு கேட்டு. இந்தக் கூத்துக்கு நடுவில ஒரு பெரியவர் என்னத் தனியாக் கூட்டிப்போய், காதுக்குள்ள சொன்னார், "றஹ்மான், புல்மோட்டைச் சம்மந்தியப் போட்டு இப்படி வாங்கிட்டியே, கல்யாணம் நடக்க வேணாமா?" அப்பதான் யோசிச்சன், நீங்க இவ்வளவு காலமும் செஞ்ச வேல என்ன? புல்மோட்டையில இல்மனைட் மண் தோண்டுற மெசின் ஓட்டினது! நான் சுரங்கம் என்டு எழுதக்குள்ள அது என்ட மண்டையில வரல்ல, அல்லாஹ் அறிவான். தோண்டுற என்டா இந்த ஜில்லாவில ஆரும் புல்மோட்டையத்தானே நினைப்பாங்க.

அன்டைக்கிருந்து உங்கட போன் வேல செய்யல்ல. மூதூரில ஒரு கல்யாணத்துக்குப் போனன். ஒரு சஹன் பக்கத்தில போய் இருந்தன். இருந்த ஆக்கள் ஒவ்வொருத்தரா, கை கழுவிட்டு வாறன், மச்சானக் கண்டு வாறன் என்டு எழும்பிப் போயிட்டாங்க. புதுசா ஆரும் வந்து இருக்கல்ல. ஆறு பேர்ட சோத்துக்கு முன்னால நான் மட்டும் தனிய. ஈரல் துண்டு நடுவில இருந்துது சம்மந்தி. கை போகல்ல. எழும்பி வந்திட்டன்.

வந்து இதப் பரீதாட்டச் சொன்னன். "உங்கட மகள்ட கல்யாணத்திலயும் இப்படித்தான், சஹன் விரிச்சா இருக்க ஆளிராது, சமைச்சதெல்லாம் மானுக்குத்தான் போடோணும்" என்டா. சம்மந்தி வீட்டுப் பொம்பிளயளுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்களன் என்டு கெஞ்சினன். "நீங்க கெடுத்தத நீங்களே போய்க் கட்டுங்க" என்டு சொல்லிப்போட்டுக் குசினிக்குள்ள போயிட்டா. நிக்காஹ் முடியுமட்டும் பிள்ளைகள் ரெண்டு பேரும் போனில கதைக்கப்படாது என்டு நீங்களும் நானும் பெரிய மனிசராட்டம் ஒப்பந்தம் போட்டிருக்கிறம், அதால ரிஸ்லாட்டயும் கேக்க ஏலாது. அவள் என்னப் பாத்து ஒன்டுதான் சொன்னாள். "வாப்பா, உங்களுக்கு நிஷ் கிடைச்சிட்டு. எனக்கு மாப்பிள்ள இல்லாமப் போகுது." சொல்லிப்போட்டு அறைக் கதவச் சாத்திட்டாள். என்ட பிள்ள அப்படி என்னோட கதைச்சதே இல்ல.

நேர வந்து காலப் பிடிக்கலாம் என்டு புல்மோட்ட பஸ்ஸில ஏறினனான். நிலாவெளி தாண்டவே, உங்கட வாசலில நின்டு முதல் வசனம் என்ன சொல்லுற என்டு யோசிச்சன். "சுரங்கம் நீங்க இல்ல" என்டா, அப்ப ஏன் வந்த என்டு கேப்பீங்க. குச்சவெளியில இறங்கி மற்றப் பஸ்ஸில கிறுகி வந்திட்டன். அதான் கடிதம். அது நீங்க இல்ல என்டு இந்த இடத்தில வல்லாஹி போட்டுச் சத்தியம் பண்ணி எழுத வெளிக்கிட்டன். பின்னால நின்டு பாத்துக்கொண்டிருந்த பரீதா பேனையப் பிடிச்சிட்டா. "பொய்ச் சத்தியம் பண்ணாதீங்க, கல்யாண வீடு." இது அவ வேற எதையோ நினைச்சுச் சொன்னது. அத நீங்க பெரிசா எடுக்க வேணாம்.

என்ட முடிவச் சொல்லுறன். கட்டுரைய அழிக்கிறன். சூரணக் கொம்பனிக்கு வேணாம் என்டு எழுதுறன். நஸ்ரி அழுதாலும் பரவாயில்ல. இன்னும் அழிக்கல்ல, விரலக் கொண்டுபோனா விரல் திரும்பி வருது, ஆனா உங்கட வாயால ஒரு சொல் வந்தா அந்த நிமிசமே அழிப்பன். கயித்தப் பற்றியே மவுத்தாகுமட்டும் எழுதிக்கொண்டிருப்பன், ஒருத்தருக்கும் தீங்கில்ல. என்ட பிள்ளைய மட்டும் கைவிட்டிராதீங்க சம்மந்தி. அவள் என்ட ஈரல் துண்டு. இந்தச் சொல்ல இந்த இடத்தில எழுதியிருக்கக் கூடாது, ஆனா பேனையால எழுதினத அழிச்சா அசிங்கமா இருக்கும் என்டு விட்டுட்டன்.

வல்ல அல்லாஹ் தங்கள் குடும்பத்தின் ரிஸ்கில் பரக்கத் செய்வானாக. தங்கள் சஹன் எப்போதும் நிறைந்திருக்கட்டும். வீட்டாருக்கு எங்கள் அனைவரின் ஸலாத்தையும் சொல்லவும்.

இப்படிக்குத் தங்கள் மன்னிப்பை எதிர்பார்த்து நிற்கும்,
மு. கலீலுர் றஹ்மான்

பி.கு: இத உறைக்கு வெளியில, பஸ்ஸின் பக்கத் தகட்டில வச்சு எழுதுறன். சம்மந்தி, இந்தக் கடிதத்தத் தயவுசெஞ்சு திறக்க வேணாம். ரிஸ்லா நம்ம ஒப்பந்தத்த மீறி இப்பதான் இன்ஷாபுக்கு போன் எடுத்திருக்கிறாள், நல்ல காலம் மீறினாள். உங்கட போன் தோணியில போகக்குள்ள கடலுக்குள்ள விழுந்திட்டாம், கோவமும் இல்ல ஒன்டுமில்லயாம், நீங்க இன்டர்நெட் பக்கமே போறதில்லயாம், கல்யாணத்தன்டு சம்மந்தியோட ஒரே சஹன்லதான் இருப்பன் என்டு வேற சொல்லியிருக்கிறீங்களாம். கடிதத்த அதுக்கு முந்தியே புல்மோட்ட பஸ் கண்டக்டர்ட குடுத்திட்டன், திருப்பி வாங்க ஓடி வந்தன். கண்டக்டர் கடிதத்தத் திருப்பித் தாறானில்ல, பேர் போட்ட ஆள்ட கையிலதான் குடுப்பானாம், எழுதுறதென்டா வெளியில எழுதுங்க என்டுறான். உள்ளுக்க இருக்கிறது கயித்தப் பற்றின விசயம், உங்களுக்குத் தேவைப்படாது. பஸ் வெளிக்கிடுது. அப்படியும் திறந்திட்டீங்க என்டா கோவிக்காமக் கல்யாணத்துக்கு வந்து என்ட எதிர்ப்பக்கத்திலயே இருங்க. ஈரல் துண்ட நானே உங்கட பக்கம் எடுத்து வைக்கிறன், நீங்க சோத்துக்குக் கீழால வரத் தேவையில்ல.