முதல் பில்லை யார் ஏத்துறது?

எங்க வீட்ல ஒரே ஒரு சட்டம்தான். ஒரு வேலையை முதல்ல யார் தொடுறாங்களோ, ஆயுசுக்கும் அது அவங்களுது.

கல்யாணம் ஆன புதுசுல ஒரு நாள் காலையில ஆசையா காபி போட்டேன். போச்சு. இன்னைக்கு வரைக்கும் அடுப்பு என் முகத்துலதான் முழிக்குது. அவ ஒரு தடவை ஸ்டூல் மேல ஏறி பல்ப் மாட்டினா. அன்னையிலருந்து வீட்ல இருட்டுன்னா அது அவ டிபார்ட்மென்ட். கரப்பான்பூச்சி எனக்கு. வீட்டு ஓனர்கிட்ட பேசுறது அவளுக்கு. அப்பீல் எல்லாம் கிடையாது.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் வருமான வரி ஆபீஸ்லருந்து தகவல் வந்துச்சு. சொந்தத் தொழில் பண்றவங்க வருஷத்துக்கு ஒரு தடவை பேப்பர்ல கணக்கு குடுத்தா இனிமே செல்லாது. ஒவ்வொரு பில்லையும் போன்ல ஒரு ஆப்ல ஏத்தணும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை அனுப்பணும். அடுத்த மாசத்துலருந்து ஆரம்பம்.

நான் வாஷிங் மெஷின் ரிப்பேர் பண்றவன். இதைக்கூட ஒரு கஸ்டமர் வீட்ல மெஷின் சுத்தி முடிக்கிறதுக்குள்ள தட்டிக்கிட்டிருக்கேன், எழுத்து கொஞ்சம் ஆடுனா பொறுத்துக்கோங்க. என் கணக்குன்னா ஒரு ஷூ டப்பா. வருஷக் கடைசியில அதைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு ஆடிட்டர்கிட்ட போவேன். அவர் மூடியைத் திறப்பார். ஒரு பெருமூச்சு விடுவார். ரெண்டு டீ சொல்லுவார். பாதி பில்லு வெயில் பட்டு வெளுத்து வெறும் காகிதமா இருக்கும். "இது என்னப்பா?"ம்பார். "ஏதோ பெல்ட்டு வாங்கினேன் சார்"ம்பேன். "ஏதோ பெல்ட்டு"ன்னே எழுதிக்குவார். என்ன ஒரு பொற்காலம். டீ குடிச்சே வரி கட்டினவன் நான்.

இப்ப யார் ஏத்துறது? முதல் பில்லை எந்த விரல் ஏத்துதோ, அந்த விரலுக்குச் சொந்தக்காரருக்கு ஞாயித்துக்கிழமை மத்தியானத் தூக்கம் அதோட முடிஞ்சுது. என் பரம்பரைச் சொத்தே அந்தத் தூக்கம்தான். விட முடியுமா?

திட்டம் போட்டேன். என் மனைவிக்குப் பழசுன்னா உயிர். கிழிஞ்ச பஸ் டிக்கெட்டைப் பார்த்தாலே உருகிடுவா. டப்பாவை அவ முன்னாடி கொட்டணும். ஒவ்வொரு பில்லா எடுத்துக் கதை சொல்லணும். உருகின உருக்கத்துல 'குடுங்க, நானே ஏத்துறேன்'னு அவளே கேட்டு வாங்கிக்கணும்.

ஞாயித்துக்கிழமை காலையில ஹால் நடுவுல கொட்டினேன். அவ துணி மடிச்சுக்கிட்டிருந்தா.

"என்னங்க இது, குப்பையா?"

"குப்பையா? நம்ம வாழ்க்கைம்மா."

"அதைத்தான் கேட்டேன்."

ஒரு பில்லை எடுத்தேன். "இதைப் பாரு. ஏழாவது மாடி. லிஃப்ட் வேலை செய்யல. மெஷினை முதுகுல சுமந்து இறக்கினேன். நீதான் தைலம் தேய்ச்சு விட்டே."

"தலையணையில இன்னும் அந்த வாசனை போகல."

"இது பேக்கரி. காசுக்குப் பதிலா ஒரு பை நிறைய பன்னு குடுத்தாரு."

"அதுக்கு எதுக்குங்க பில்லு?"

"பன்னுக்கும் வரி கேட்பாங்களோன்னு ஒரு பயம்தான்."

சிரிச்சா. துணி மடிச்ச கை நின்னுச்சு. மெதுவா கீழ உக்கார்ந்து அவளே கிளற ஆரம்பிச்சா. எனக்கு உள்ளுக்குள்ள விசில் பறக்குது.

"ஏங்க, இது எங்க வீட்டுப் பில்லு."

ஆமா. கல்யாணத்துக்கு முன்னாடி நான் பார்க்கப் போன அவங்க அப்பா வீட்டு மெஷின். சுத்தும்போது சமையக்கட்டுலருந்து கிளம்பி ஹால் வரைக்கும் நடந்து வருமாம். ஒரு கால் குட்டை, அவ்வளவுதான். பத்து நிமிஷ வேலை. மத்தியானம் வரைக்கும் பார்த்தேன். அவ வேற அப்பப்ப தண்ணி வேணுமா, தண்ணி வேணுமான்னு கேட்டுக்கிட்டே இருந்தா. நான் வேற வேணும் வேணும்னேன்.

"போன் நம்பரை ரெண்டு இடத்துல எழுதியிருக்கீங்க."

"ஒண்ணு தொழிலுக்கு."

அவ கண்ணு கலங்கிடுச்சு. இதுதான் நேரம்னு போனை அவ பக்கம் நகர்த்தினேன். அந்த ஆப்ல ஒத்திகை பார்க்க ஒரு வசதி இருக்கு. எந்தப் பழைய பில்லை வேணும்னாலும் ஏத்திப் பழகலாம்.

"இதையே முதல்ல ஏத்திப் பாரேன்."

போனை எடுத்தா. விரல் கேமரா பக்கத்துல போச்சு. விரல் நின்னுச்சு.

"வேண்டாங்க. எழுதின கைதான் ஏத்தணும். இதுக்கப்புறம் எனக்குன்னு நீங்க ஒரு வரி எழுதினதே இல்ல."

அந்தக் குரல் இருக்கே. நான் பனிக்கட்டியா, வெண்ணெயா, எனக்கே தெரியல. போனைப் பிடுங்கினேன். படம் எடுத்தேன். தேதி தட்டினேன். என்ன வேலைங்கிற இடத்துல 'மெஷின் கால் சரி செய்தது, பொண்ணு அழகு'ன்னு தட்டினேன். அமுக்கினேன். பச்சையா ஒரு டிக் வந்துச்சு. அவ என் தோள்ல சாஞ்சிருந்தா.

டிக்கைப் பார்த்ததும் எழுந்துட்டா.

"சரிங்க. இனிமே இது உங்களுது."

"ஏய், இது ஒத்திகை. ஒத்திகைக்கெல்லாம் சட்டம் செல்லாது."

"எங்க வீட்டுக்குக்கூட 'சும்மா பார்த்துட்டுப் போறேன்'னுதான் வந்தீங்க. போனீங்களா?"

"அப்போ அந்தக் கண்ணீரு?"

"அது நிஜம்தாங்க. அழுவுறப்ப யோசிக்கக் கூடாதுன்னு எங்கேயாவது இருக்கா?"

அதுக்குள்ள அவ போன்ல அவங்க அண்ணனைக் கூப்பிட்டுட்டா. மச்சான் சொந்தமா டாக்ஸி ஓட்டுறவர். அவர் வண்டியில பயணிங்களை விட பெட்ரோல் பில்லுதான் அதிகமா உக்கார்ந்திருக்கும்.

"ஆமாண்ணா, உன் மாப்பிள்ளைக்கு இது அருமையா வருது. பின் சீட்ல கிடக்கிறதையும் மறக்காம அள்ளிக்கிட்டு வா."