துறைமுகத்தில் நின்ற பஞ்சர் அண்ணன்

காரைக்குடியிலேயே பெரிய பணக்காரர் யார் என்று என்னைக் கேட்டால், தேவகோட்டை ரஸ்தாவில் டயருக்கு ஒட்டுப் போடும் பஞ்சர் அண்ணன் என்றுதான் சொல்வேன். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். வாசலில் நின்று கூப்பிட்டால் கொல்லையில் இருக்கிறவருக்குக் கேட்காத அளவுக்கு வீடு கட்டியவர்கள் உள்ள ஊர் இது. அவர்களில் யாரிடமும் ஒன்றேகால் கோடி தங்கக்காசு மொத்தமாக இருந்திருக்காது. பஞ்சர் அண்ணனிடம் இருந்தது. நானே கண்ணால் பார்த்தேன். அந்தக் காசு போனுக்குள் இருந்தது என்பது ஒன்றுதான் குறை.

அவருக்குச் சொந்தப் பெயர் என்று ஏதோ இருந்திருக்க வேண்டும். கல்யாணப் பத்திரிகையிலேயே பஞ்சர் என்றுதான் போட்டிருந்தார்கள் என்று கேள்வி. அவர் வீட்டு அக்கா எங்கள் நம்பருக்குப் போன் போட்டாலும் "பஞ்சரு இருக்காகளா" என்றுதான் கேட்கும். கடை என்று சொன்னால் ஒரு வேப்பமரம், ஒரு கம்ப்ரசர், ட்யூபை முக்கிப் பார்க்க ஒரு தண்ணீர்த் தொட்டி. அந்தத் தண்ணீரை அவர் மாற்றி நான் பார்த்ததில்லை.

அவருக்கு எதிரே எங்கள் வடைக்கடை. நான் ஒன்பதாவதோடு நின்றுவிட்டு அம்மாவுடன் மாவாட்ட வந்தவள். அண்ணன் சரவணன் லோடு ஆட்டோ ஓட்டினான். சவாரி இல்லாத நேரமெல்லாம் பஞ்சர் அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்து போனில் விளையாடுவான். உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் ஒரே இடத்தில் சேர்ந்து வாளும் வில்லுமாகத் திரிகிற விளையாட்டு அது. காட்டுக்குப் போவார்கள், எதையாவது வெட்டுவார்கள், கிடைத்த சாமானைப் பையில் போட்டுக்கொள்வார்கள். சரவணனுக்குப் பை நிறைந்துவிட்டது. சாமான் வைக்க இன்னொரு ஆள் வேண்டும். பஞ்சர் அண்ணன் போனிலும் அதை ஏற்றிவிட்டான்.

"நீக ஒண்ணும் செய்ய வேணாம்ணே. சும்மா நின்டீகன்னா போதும்" என்றான்.

சும்மா நிற்பது பஞ்சர் அண்ணனுக்குப் பிடித்த வேலை. பெயர் அடிக்கச் சொன்னபோது அவருக்கு இங்கிலீஷ் எழுத்து வராததால் விளையாட்டே ஒரு பெயர் வைத்தது. பயணி 4417. அந்தப் பயணி விளையாட்டுக்குள் ஒரு துறைமுகத்தில் போய் நின்றவர், மூன்று வருஷம் அந்த இடத்தைவிட்டு ஓர் அடி நகரவில்லை.

அந்தத் துறைமுகத்தை நான் மறக்க மாட்டேன். அங்கே எப்போதும் சாயங்காலம்தான். வானம் கனகாம்பர நிறத்தில் இருக்கும். படகுகள் கட்டிய இடத்திலேயே மெல்ல ஆடும். பாய்மரத்துத் துணி காற்றில் எழுந்து எழுந்து அடங்கும். இங்கே மத்தியான வெயிலில் தார் இளகி செருப்பில் ஒட்டும். கீறல் விழுந்த அந்தப் போன் கண்ணாடிக்குள் மட்டும் தண்ணீர் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். வடைச்சட்டி காயும் நேரத்தில் அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பேன். பஞ்சர் அண்ணன் ஆள் கையைக் கட்டிக்கொண்டு கடலைப் பார்த்து நிற்பான். பக்கத்தில் ஒரு பெரிய பலகை. அதுதான் ஏலச் சந்தை. யார் என்ன சாமான் விற்றாலும் அதில் வரும். படம், விலை, விற்கிறவர் பெயர். குறைந்த விலை முதல் வரியில். விற்கும்வரை அது பலகையிலேயே கிடக்கும்.

பஞ்சர் அண்ணனுக்கு ஏலம் புதிதில்லை. நாச்சியாபுரம் பக்கம் அவர் ஊர்க் கோயிலில் பங்குனித் திருவிழா முடிந்ததும் எலுமிச்சம்பழத்தையும் அம்மன் சேலையையும் மைக்கில் ஏலம் கூறுகிறவர் அவர்தான். சாமி பொருளை யாராவது குறைத்துக் கேட்டால் மூன்றாம் தரம் சொல்ல மாட்டார். மைக்கைப் பிடித்தபடி கேட்ட ஆளையே பார்த்துக்கொண்டிருப்பார். அப்படி எலுமிச்சம்பழத்துக்கு இருபது ரூபாய் கேட்ட ஒருவர், அந்தப் பார்வை தாங்காமல் திருப்பூருக்கே குடிபோய்விட்டார் என்று சொல்வார்கள்.

அப்பேர்ப்பட்டவர் ஒருநாள் பலகையைப் பார்த்தார். வெள்ளிக் கேடயம், மூன்று காசு.

"இம்புட்டுப் பெரிய கேடயத்துக்கு மூணு காசா? செஞ்சவன் வயிறு எரியாதா?" என்றார்.

சரவணன் கொடுத்து வைத்திருந்த காசில் அத்தனை கேடயத்தையும் வாங்கி, மரியாதையான விலை என்று நாற்பது போட்டு வைத்தார். வேறு கேடயமே இல்லாததால் எல்லாம் விற்றன. அடுத்து ஈட்டி. அடுத்து மருந்து. எதை யார் மலிவாக விற்றாலும் பஞ்சர் அண்ணனுக்குப் பொறுக்காது. வாங்கி, அதற்குரிய மரியாதையைக் கொடுத்துத் திரும்ப வைப்பார். இந்த வியாபாரத்துக்குக் கணக்குப் போட்டு, படம் வரைந்து பாடம் எடுக்கிறவர்கள் எல்லாம் இருக்கிறார்கள் என்று சரவணன் சொல்வான். இவர் ரோஷத்திலேயே ஒன்றேகால் கோடி சேர்த்துவிட்டார்.

அதிலும் வாயை மூடிக்கொண்டு வாங்கத் தெரியாது. ஒருநாள் ஒரு பெரியவர் டிவிஎஸ் வண்டியை விட்டுவிட்டு எங்களிடம் வடை சாப்பிட வந்தார். பஞ்சர் அண்ணன் ட்யூபைத் தொட்டியில் முக்கிக்கொண்டே, ஸ்பேனரில் சாய்த்து வைத்த போனைப் பார்த்து, கோயில் குரலில் "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று ஆரம்பித்தார். பெரியவர் பாதி வடையோடு ஓடிப் போய் வண்டி ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டார். அவர் வண்டியைத்தான் ஏலம் விடுகிறார்கள் என்று நினைத்துவிட்டார்.

இன்னொரு நாள் இருபது பேர் கொண்ட ஒரு படை துறைமுகத்துக்கு வந்தது. அந்த விளையாட்டில் ஒரு வெள்ளை மீன் உண்டு. இங்கிலீஷில் ஏதோ நீளமான பெயர். பஞ்சர் அண்ணன் அதற்கு நிலா விரால் என்று வைத்திருந்தார். அதைக் கொதிக்க வைத்துக் குடித்தால் சண்டையில் பலம் வருமாம். பலகையில் இருந்த மீன் முழுக்க பஞ்சர் அண்ணனுடையது. விலையைக் குறைக்கச் சொல்லி அவர்கள் எழுதினார்கள். எதற்குச் சண்டை என்று கேள் என்றார் சரவணனிடம். பறக்கிற பாம்பு ஒன்றைக் கொல்ல என்று பதில் வந்தது.

"அது இவுகள என்ன செஞ்சுச்சு?"

சரவணன் சிரித்துக்கொண்டே அதையும் இங்கிலீஷில் அடித்தான். கடைசியில் யாரோ ஒருவன், தெரியவில்லை என்று எழுதினான். உண்மையைச் சொன்னான் என்று பஞ்சர் அண்ணனுக்குச் சந்தோஷம். மீனைக் கொடுத்தார். விலையில் ஒரு காசு குறைக்கவில்லை.

தேவகோட்டையிலிருந்து ஒரு பையன் வந்து, அந்தத் தங்கத்துக்கு நிஜ ரூபாய் தருவதாகச் சொன்னான். கம்ப்ரசரே பழசு, அதை மாற்றலாம் என்று அவர் வீட்டு அக்கா சொல்லிப் பார்த்தது. "அது அங்குட்டுள்ள காசு, அங்குட்டே கெடக்கட்டும்" என்று அனுப்பிவிட்டார்.

போன தை மாதத்தில் ஒரு காலை சரவணன் தான் பிடித்த ஒரு நிலா விராலைப் பலகையில் எழுநூறுக்குப் போட்டான். பஞ்சர் அண்ணன் விடவில்லை. திட்டித் திட்டி ஆயிரமாக மாற்ற வைத்தார். எல்லாரும் தொள்ளாயிரத்துக்கு வைத்திருக்கிறார்கள், என்னுடையது எப்போது விற்பது என்று அவன் கேட்டான். "நின்டு விக்கும்டா" என்றார். அவன் சிரித்துவிட்டு தேவகோட்டைக்கு லோடு ஏற்றிக்கொண்டு போனான். திரும்பி வரும் வழியில் ரோட்டோரம் ஒரு டிப்பர் லாரி நின்றிருந்தது. இதற்கு மேல் எனக்கு எழுத வராது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து நாங்கள் கடை திறந்தோம். எதிரே பஞ்சர் அண்ணன் போனும் கையுமாக இருந்தார். முன்பைவிட மோசம். ட்யூபை முக்குவார், கையைத் துடைக்காமல் ஓடி வந்து போனைப் பார்ப்பார், மறுபடி முக்குவார். ஓட்டை ஓர் இடத்தில் இருக்க வேறிடத்தில் ஒட்டுப் போட்டுக் கொடுத்தார். எனக்கு வயிறு எரிந்தது. ஒருநாள் நேரே போய் நின்று கேட்டுவிட்டேன்.

"எங்கண்ணன் போயி ஒரு மாசம் ஆகல. ஒங்களுக்கு இன்னும் வெளயாட்டுக் கேக்குதா?"

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. "ரெண்டு வடை குடு ஆத்தா" என்றார். வடையைக் கட்டிக் கொடுத்துவிட்டு அதற்கப்புறம் இரண்டு மாதம் அவருடன் பேசவில்லை.

ஒருநாள் மத்தியானம் அவர் டீ வாங்கப் போயிருந்தார். போன் பெஞ்சில் கிடந்தது. அதே சாயங்கால வானம், அதே படகுகள். பலகை திறந்திருந்தது. முதல் வரியில் பயணி 4417, நிலா விரால், தொள்ளாயிரம். இரண்டாவது வரியில் சரவணா 63, நிலா விரால், ஆயிரம். அறுபத்து மூன்று எங்கள் மாவட்டத்து வண்டி நம்பர். அண்ணன் எதற்குப் பெயர் வைத்தாலும் அதைச் சேர்த்துக்கொள்வான். நான் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

பஞ்சர் அண்ணன் டீயோடு வந்து நின்றார். திருடும்போது பிடிபட்டவர் மாதிரி முழித்தார். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னார். மீன் விலை அப்புறம் ஆயிரத்து நானூறு வரை ஏறிவிட்டதாம். ஆயிரத்துக்குக் கிடக்கிற மீனை எவனாவது கண்ட நிமிஷம் வாங்கிவிடுவான். அதனால் இவர் ஆயிரத்து நானூறுக்கு வாங்கி, சரவணன் மீனுக்கு மேலே தொள்ளாயிரத்துக்கு வைக்கிறார். எல்லாரும் இவருடையதை அள்ளிக்கொண்டு போகிறார்கள். அள்ளியதை ஆயிரத்து நானூறுக்கு விற்கிறார்கள். இவர் திரும்ப வாங்கி வைக்கிறார். சில மீன்களை நாற்பது தடவை வாங்கியிருப்பாராம். மீன் முகம் பழகிவிட்டது என்றார். மூன்று காசுக் கேடயத்துக்குக் கோபப்பட்ட மனுஷன்.

"நீகளே அந்த ஒத்த மீன வாங்கி வச்சுக்கிறலாம்ல?"

"வாங்கிட்டா பேரு போயிரும்த்தா. பலகையில வேற எங்கயும் அவன் பேரு இல்ல."

அம்மாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முதலில் அதற்குப் புரியவில்லை. மறுநாள் கையில் மாவோடு ரோட்டைத் தாண்டி வந்தது. பஞ்சர் அண்ணன் பெஞ்சைத் துணியால் துடைத்து உட்கார வைத்து, போனை மடியில் கொடுத்தார்.

"இந்தா இருக்கான் பாருங்கக்கா. ரெண்டாவது."

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. மீனை மட்டும் பார்த்தது. "மூணு மாசமா மீனு கெடலையா தம்பி?" என்று கேட்டது.

"அங்க ஐஸ் நல்லாப் போடுவாகக்கா."

அம்மா தலையாட்டியது. பிறகு கட்டைவிரலால் அந்த வரியை மெல்லத் தடவிக் கொடுத்தது. பஞ்சர் அண்ணன் பாய்ந்து போனைப் பிடுங்கினார். அவசரத்துக்கு வாங்குவதற்காக, விரல் பட்டாலே சாமான் கைக்கு வந்துவிடுகிற மாதிரி அதை மாற்றி வைத்திருந்தாராம். முகத்தில் ரத்தமே இல்லை. திரையில் சிவப்பாக ஏதோ மின்னியது. கண்ணை மூடிக்கொண்டு போனை என்னிடம் நீட்டினார். நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். கையில் போதுமான தங்கம் இல்லை. கீழே மிச்சம் காட்டியது, இருநூற்றுப் பன்னிரண்டு காசு. ஒன்றேகால் கோடி வைத்திருந்தவரிடம் ஒரு மீன் வாங்கக் காசில்லை. அதனால்தான் அண்ணன் பெயர் இன்னும் அங்கேயே இருந்தது.

"என்னத்தா போட்டுருக்கு?" என்றது அம்மா.

"காசு பத்தலைங்குது."

அம்மா இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்தது. "எம்புட்டுத் தம்பி கொறையுது?"

பஞ்சர் அண்ணன் அந்தப் பையையே பார்த்தார்.

"அது விக்கிறதுக்கு இல்லக்கா" என்றார்.

எழுந்து போய் கம்ப்ரசரை ஓடவிட்டார். காற்றுப் பிடிக்க வண்டி எதுவும் நிற்கவில்லை. வெகுநேரம் அது சத்தமாக ஓடிக்கொண்டே இருந்தது. அவர் எங்கள் பக்கம் திரும்பவில்லை.

அன்றைக்கே என் போனிலும் அந்த விளையாட்டை ஏற்றிக்கொண்டேன். துறைமுகப் படியில் உட்கார்ந்து தூண்டில் போடுவது ஒன்றுதான் எனக்குத் தெரியும். எண்ணெய் காய்வதற்குள் இரண்டு, வியாபாரம் மந்தமான நேரத்தில் நாலைந்து என்று நிலா விரால் பிடித்து அனுப்புவேன். அவர் தொள்ளாயிரத்துக்கு வைப்பார். காசு செலவில்லை. நான் தூண்டிலைச் சீக்கிரம் இழுத்துவிடுகிறேன் என்று ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்துவார். அவர் பிறந்ததிலிருந்து ஒரு மீன்கூடப் பிடித்ததில்லை.

சில நாள் ஒன்றுமே சிக்காது. பலகையில் அண்ணன் பெயருக்கு மேலே ஒரே ஒரு மீன் மிச்சம் இருக்கும். நிமிர்ந்து எதிரே பார்ப்பேன். அவர் தொட்டிக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருப்பார். "நான் இங்கனதான இருக்கேன், நீ வடையப் பாருத்தா" என்பார். நான் அடுத்த ஈடு வடையைப் போடுவேன்.